தராசு சரியா இருக்கா? நட்சத்திரங்களே எடைக்கல்லான கதை

விருதுநகர் மண்டியில மூட்டையை ஏத்துறதுக்கு முன்னாடி தராசுகிட்ட ரெண்டு கேள்வி கேட்கணும். தட்டு காலியா இருந்தா பூஜ்யம் காட்டுதா? தெரிஞ்ச எடைக்கல்லை வச்சா சரியா காட்டுதா? பக்கத்துல சிவகாசியில பட்டாசு மருந்து கலக்கிற இடத்துல இதுல தப்பினா, போறது பணம் மட்டும் இல்ல. இதே ரெண்டு கேள்வியை நட்சத்திர வெளிச்சத்துக்குக் கேட்ட கதைதான் இன்னைக்கு.

போலராய்ட் கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு செல்போனைத் திருப்பிப் பாருங்க. ஏதோ ஒரு கோணத்துல திரை இருட்டாகும். அந்த வெளிச்சத்தோட அதிர்வு ஒரே திசையில இருக்கிறதுதான் காரணம். பிளஸ் டூவுல ‘தளவிளைவு’ன்னு மனப்பாடம் பண்ணோமே, அதேதான்.

1946-ல் நம்ம சென்னை பிரசிடென்சி கல்லூரியில படிச்ச எஸ். சந்திரசேகர், அமெரிக்காவில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டார். ரொம்பச் சூடான நட்சத்திரத்தோட விளிம்பில் இருந்து வர்ற ஒளி, எலெக்ட்ரான்கள்ல பட்டுச் சிதறுறதால 11 சதவீதத்துக்கு மேல தளவிளைவு அடைந்திருக்கணும். ஆனா முழு வட்டத்தையும் சேர்த்துப் பார்த்தா எல்லாம் கழிஞ்சு போயிடும். ஒரு நட்சத்திரம் இன்னொன்றை மறைக்கிற கிரகணத்துலதான் மாட்டும்.

அதைத் தேடித்தான் ஹில்ட்னரும் ஹாலும் கிளம்பினாங்க. தளவிளைவு கிடைச்சது. ஆனா கிரகணம் வந்தாலும் போனாலும் அது மாறவே இல்ல! நம்ம கோடுல பக் வந்தா முதல்ல எதைச் சந்தேகப்படுவோம்? கருவியைத்தான். சாய்ந்த கண்ணாடியில பட்டுத் திரும்பினாலே ஒளி தளவிளைவு அடையும், அதனால தொலைநோக்கியே பொய் சொல்லலாம். ஆனா அதே கருவியில வேற சில நட்சத்திரங்கள் ஏறக்குறைய பூஜ்யம் காட்டின. அப்போ குற்றவாளி கருவி இல்ல, வழியில இருக்கிற தூசி. காந்தப்புலத்தால வரிசையா நிற்கிற தூசித் துகள்கள்! 1949-ல் ரெண்டு பேரும் தனித்தனியா வெளியிட்டாங்க. தேடினது ஒண்ணு, கிடைச்சது வேற.

அந்தத் தூசியே பிறகு எடைக்கல் ஆச்சு. பக்கத்து நட்சத்திரங்களுக்கு நடுவுல தூசி குறைவு, அதனால அவை பூஜ்யத்தைப் பார்க்க உதவும். தூசிக்குப் பின்னாடி இருக்கிற தூரத்து நட்சத்திரங்கள் அளவையும் கோணத்தையும் சரிபார்க்க. உதாரணமா எச்டி 204827, சுமார் 5 சதவீதம். ஹப்பிள் தொலைநோக்கிக்காக இப்படி ஒரு பட்டியலை ஷ்மிட் குழு 1992-ல் வெளியிட்டது.

சரி, சந்திரசேகர் சொன்னது? 1983-ல் கெம்ப் குழு அல்கால் நட்சத்திரத்தோட கிரகணத்துல ஒரு மாற்றத்தைப் பிடிச்சு, அவரோட கணிப்புதான் இதுன்னு சொன்னது. மாற்றம் எவ்வளவு தெரியுமா? பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். பூஜ்யம் கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் காணாமப் போயிருக்கும். அதே வருஷம்தான் அவருக்கு நோபலும் வந்துச்சு, வேற வேலைக்காக.

கடைசியா ஒரு குட்டி கலவரம். 1988-ல் பாஸ்டியன் குழு எடைக்கற்களையே திருப்பித் திருப்பி அளந்துட்டு, “இதுல பலது மாறிக்கிட்டே இருக்கிற மாதிரி தெரியுது”ன்னு சொல்லிடுச்சு. சண்டை ஆரம்பிச்சது. அந்தக் கணக்கு சரியில்லைன்னு 1990-கள்ல வேற சிலர் மறுபடியும் கிளறினாங்க. எச்டி 204827 மேலயும் அந்தச் சந்தேகம் உண்டு. அதனால இன்னைக்கும் ஒரே ராத்திரியில ஒரு கல்லை மட்டும் நம்பாம, நாலஞ்சு நட்சத்திரத்தை அளந்துட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறாங்க.