டன்பார் உயர்நிலைப் பள்ளி: மாணவர் பின்னணியும் கல்வித் தரமும்

டன்பார் உயர்நிலைப் பள்ளி அமெரிக்கத் தலைநகர் வாசிங்டனில் உள்ள ஓர் அரசுப் பள்ளி. அந்நாட்டில் கறுப்பின மாணவர்களுக்கெனத் தொடங்கப்பட்ட முதல் அரசு உயர்நிலைப் பள்ளியாக இது கருதப்படுகிறது. ஏழைக் குடும்பப் பிள்ளைகள் நிறைந்த பள்ளியில் உயர்ந்த கல்வித் தரம் இயலுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் இதன் வரலாறு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

தோற்றம்

வாசிங்டனில் அடிமை முறை 1862ஆம் ஆண்டு ஒழிக்கப்பட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1870இல், பதினைந்தாம் தெரு பிரசுபிட்டேரியன் தேவாலயத்தின் அடித்தளத்தில் நான்கு மாணவர்களுடன் இப்பள்ளி தொடங்கியது. அமெரிக்காவில் இளங்கலைப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணாகக் கருதப்படும் மேரி சேன் பேட்டர்சன் இதன் தொடக்ககாலத் தலைமையாசிரியர்களுள் ஒருவர். 1891இல் எம் தெருவில் சொந்தக் கட்டடம் கிடைத்தபின் இது எம் தெரு உயர்நிலைப் பள்ளி எனப்பட்டது. 1916இல் புதிய கட்டடத்திற்கு மாறியபோது, கவிஞர் பால் லாரன்சு டன்பாரின் பெயர் சூட்டப்பட்டது.

மாணவர்களின் பின்னணி

இன அடிப்படையில் பள்ளிகள் பிரிக்கப்பட்டிருந்ததால் வெள்ளையர் பிள்ளைகள் இங்குப் படிக்கவில்லை. அதே வேளையில், நகரின் எப்பகுதியில் வாழ்ந்த கறுப்பின மாணவரும் இங்குச் சேரலாம். உயர்கல்விக்கு ஆயத்தம் செய்யும் பாடத்திட்டத்தை விரும்பியவர்கள் தொலைவிலிருந்தும் வந்தனர்.

இது வசதி படைத்தோர் பிள்ளைகளின் பள்ளி என்ற குற்றச்சாட்டு நெடுங்காலம் இருந்துவந்தது. பொருளியலாளர் தாமசு சோவெல் பள்ளியின் பழைய பதிவுகளை ஆராய்ந்து இதனை மறுத்தார். 1892-93ஆம் கல்வியாண்டில் தொழில் குறிக்கப்பட்டிருந்த பெற்றோருள் 51 பேர் கூலித் தொழிலாளர்கள், மருத்துவர் ஒருவரே. எனினும் கறுப்பினச் சிறுவர் அனைவரும் இங்குப் படிக்கவில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். பலர் உயர்நிலை வகுப்பை எட்டும் முன்பே வேலைக்குச் சென்றனர். எனவே இங்கு வந்தோர் வசதியால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். படிப்பில் நாட்டத்தால் தேர்ந்து வந்தவர்கள் எனலாம்.

கல்வித் தரம்

1899இல் நகரின் நான்கு உயர்நிலைப் பள்ளிகளுக்கும் பொதுத் தேர்வு ஒன்று நடத்தப்பட்டது. அவற்றுள் மூன்று வெள்ளையர் பள்ளிகள். எம் தெரு மாணவர்கள் அம்மூன்றில் இரண்டு பள்ளிகளை விஞ்சினர்.

இத்தரத்திற்கு முதன்மையான காரணம் ஆசிரியர்கள். அக்காலத்தில் உயர் பட்டம் பெற்ற கறுப்பினத்தவருக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் ஆசிரியர் பணி எட்டாக்கனியாக இருந்தது. அதனால் பேரறிஞர்கள் பள்ளி வகுப்பறைக்கு வந்தனர். வரலாற்றறிஞர் கார்ட்டர் வுட்சன் இங்குக் கற்பித்த காலத்தில், 1912இல், ஆர்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். மேலும் வாசிங்டனில் கறுப்பின ஆசிரியர்களுக்கும் வெள்ளையருக்கு இணையான ஊதியம் வழங்கப்பட்டது. தென் மாநிலங்களில் இவ்வழக்கம் இல்லை.

அன்னா சூலியா கூப்பர்

அடிமையாகப் பிறந்த கூப்பர் 1902இல் தலைமையாசிரியரானார். கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் போதுமா, உயர்கல்வி வேண்டுமா என்ற வாதம் அன்று நாடெங்கும் நடந்துகொண்டிருந்தது. பாடத்திட்டத்தைக் குறைக்கும் முயற்சிக்கு இணங்காமல், இலத்தீனும் கணிதமும் உள்ளிட்ட முழுப் பாடத்தையும் அவர் காத்தார். அவருடைய மாணவர்கள் ஆர்வர்டு போன்ற கல்லூரிகளில் இடம் பெற்றனர். ஆயினும் 1906இல் கல்வி வாரியம் அவருக்கு மீண்டும் பதவி அளிக்கவில்லை. 1910இல் இலத்தீன் ஆசிரியராக அதே பள்ளிக்குத் திரும்பிய அவர், 1925இல் பாரிசின் சோர்போனில் முனைவர் பட்டம் பெற்றார்.

புகழ்பெற்ற மாணவர்கள்

இரத்த வங்கி முறையின் முன்னோடி சார்லசு துரூ, முதல் கறுப்பினக் கூட்டாட்சி நீதிபதி வில்லியம் ஏசுட்டி, முதல் கறுப்பின அமைச்சரவை உறுப்பினர் இராபர்ட் வீவர், மேலவை உறுப்பினர் எட்வர்டு புரூக் ஆகியோர் இங்குப் படித்தவர்கள். இனப்பிரிவினைப் பள்ளிகளுக்கு எதிரான சட்டப் போராட்டத்தை வகுத்த சார்லசு ஆமில்டன் ஊசுடனும் எம் தெரு மாணவரே.

1954க்குப் பின்

ஊசுடன் 1950இல் காலமானார். அவர் தொடங்கிவைத்த போராட்டம் 1954 மே 17 அன்று வென்றது. வாசிங்டன் பள்ளிகளில் இனப்பிரிவினை சட்டத்திற்குப் புறம்பானது என்று போலிங் எதிர் சார்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதன்பின் மாணவர்கள் தத்தம் வட்டாரப் பள்ளியிலேயே சேரவேண்டும் என்ற முறை வந்தது. நகர் முழுவதற்கும் பொதுவாக இருந்த டன்பார், தன்னைச் சூழ்ந்திருந்த வறிய பகுதியின் பள்ளியாயிற்று. ஆயத்தமின்றி வந்த மாணவர்கள் பெருகினர். பழைய பாடத்திட்டம் அவர்களுக்குப் பொருந்தவில்லை. பழைய ஆசிரியர்கள் ஓய்வு பெற்றனர். திறமையான கறுப்பினப் பட்டதாரிகளுக்கு வேறு கதவுகளும் திறந்தன. சில ஆண்டுகளிலேயே கல்வித் தரம் வீழ்ந்தது. 1916ஆம் ஆண்டுக் கட்டடம், முன்னாள் மாணவர்கள் எதிர்த்தும், 1970களில் இடிக்கப்பட்டது. இன்றைய கட்டடம் 2013இல் திறக்கப்பட்டது.

மதிப்பீடு

இப்பள்ளியின் சிறப்பை இனப்பிரிவினையின் நன்மையாகக் கொள்வது தவறு. அறிஞர்களைப் பள்ளிக்குள் அடைத்தது அநீதி. அந்த அநீதிக்குள்ளும் தரத்தைக் கட்டியெழுப்பியது ஆசிரியர்களின் உழைப்பு. 1954க்கு முன்னும் பின்னும் மாணவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவரே; வறுமையும் இரு காலத்திலும் இருந்தது. மாறியவை சேர்க்கை முறையும், ஆசிரியர் குழுவும், மாணவரிடம் பள்ளி எதிர்பார்த்த அளவும் ஆகும். பெற்றோரின் தொழிலை மட்டும் கொண்டு ஒரு பள்ளியின் தேர்ச்சியைக் கணிக்க முடியாது என்பதற்கு எம் தெருவில் படித்த கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகளே சான்று.