உறையில் இல்லாத பெயர்

1969 ஜூனில் 'டிரௌட் மாஸ்க் ரெப்ளிகா' என்ற இரட்டை இசைத்தட்டு வெளிவந்தது. 28 உருப்படிகள். தயாரிப்பாளர் ஃப்ராங்க் ஜாப்பா. அதை ஆக்கியவராக உலகம் ஏற்றுக்கொண்ட பெயர் ஒன்றுதான்: கேப்டன் பீஃப்ஹார்ட். கலிஃபோர்னியாக்காரரான டான் வான் வ்லீட் தமக்குச் சூட்டிக்கொண்ட மேடைப் பெயர் இது. ராக் இசைக்குள் நடந்த பரிசோதனைகளைப் பற்றிப் பேசுகிற எவரும் இந்தத் தட்டைத் தாண்டிப் போக முடியாது. இதைப் பற்றி வான் வ்லீட் சொன்ன கதையும் தட்டோடு சேர்ந்தே பிரசித்தமாயிற்று. அதுவரை வாசித்தறியாத பியானோவின் முன் உட்கார்ந்து எட்டரை மணி நேரத்தில் முழுவதையும் இயற்றியதாகவும், வாத்தியக்காரர்களுக்கு வாசிக்கவே தாம்தான் கற்றுக்கொடுத்ததாகவும் அவர் சொன்னார்.

மேதை ஒரே மூச்சில் சிருஷ்டிக்கிறான் என்பது விமர்சகர்களுக்கு மிகவும் சௌகரியமான கதை. ரொமான்டிக் கவிகளிடமிருந்து விடுபட்டதாகச் சொல்லிக்கொண்ட நவீனத்துவம் சத்தமில்லாமல் அவர்களிடமிருந்து எடுத்து வந்த சொத்து அது. ஒரு பெயரை வைத்துக்கொண்டு எழுதுவது எளிது. ஐந்து பெயர்களை வைத்துக்கொண்டு எழுத வேண்டுமானால் யார் என்ன செய்தார்கள் என்று விசாரிக்க வேண்டியிருக்கும். அந்த விசாரணைக்குக் காதால் கேட்கத்தக்க ஆதாரம் கிடைக்க 30 வருஷங்கள் ஆயின.

1999-ல் ரெவனன்ட் என்ற சிறு நிறுவனம் 'க்ரோ ஃபின்ஸ்' என்ற ஐந்து தட்டுப் பெட்டியை வெளியிட்டது. கிதார் கலைஞர் ஜான் ஃபாஹியும் டீன் பிளாக்வுட்டும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. 1965 முதல் 1982 வரையிலான, கிடைப்பதற்கு அரிய, பெரும்பாலும் வெளிவராத பதிவுகள் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. இவற்றில் வரலாற்றின் போக்கை மாற்றுவது ஒத்திகை நாடாக்கள் அடங்கிய ஒரு தட்டு. லாஸ் ஏஞ்சலீஸின் உட்லண்ட் ஹில்ஸ் பகுதியில் குழு வாடகைக்குக் குடியிருந்த சிறிய வீட்டில் பதிவானவை இவை. கிராமியப் பாடகர்களை அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்ப் பதிவு செய்வதைப்போல, குழுவை அதன் வீட்டிலேயே பதிவு செய்ய ஜாப்பா நினைத்தார். இது செலவைக் குறைக்கும் தந்திரம் என்று சந்தேகப்பட்ட வான் வ்லீட், முறையான ஸ்டுடியோ வேண்டும் என்றார். வீட்டு நாடாக்களில் சில இசைத்தட்டில் இடம்பெற்றன. மற்றவை கிடந்தன.

இந்த நாடாக்களில் பெரும்பாலும் குரல் இல்லை. இரண்டு கிதார்கள், ஒரு பாஸ் கிதார், டிரம்ஸ், அவ்வளவுதான். ஒரு கிதாரின் சொற்றொடர் தன் கணக்கில் முடிகிறது. மற்றது வேறொரு கணக்கில். டிரம்ஸ் இரண்டுக்கும் கட்டுப்படாமல் தனியே போகிறது. பிறகு, எப்படி என்று தெரியாமல், எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. 1969-ல் இதைக் கேட்ட பலர் மனம்போன போக்கில் வாசித்தது என்றோ, வாசிக்கத் தெரியாதவர்களின் அலங்கோலம் என்றோ நினைத்தார்கள். ஒத்திகையையும் இசைத்தட்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் இரண்டு அபிப்பிராயங்களும் விழுந்துவிடுகின்றன. அதே திருப்பங்கள், அதே நிறுத்தங்கள். பொதுத் தாளம் என்ற ஊன்றுகோல் இல்லாமல் இத்தனையையும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். ஸ்டுடியோவுக்குப் போனபோது பெரும்பாலான வாத்தியப் பகுதிகளை ஒரே அமர்வில், சில மணி நேரத்தில் முடிக்க முடிந்தது இதனால்தான். எட்டரை மணி நேரக் கதைக்குப் பின்னால் சுமார் எட்டு மாத ஒத்திகை இருந்தது.

அந்த எட்டு மாதங்கள் எப்படிப்பட்டவை என்பதை ஜான் ஃப்ரெஞ்சும் பில் ஹார்க்கில்ரோடும் பின்னாளில் எழுதியிருக்கிறார்கள். வாத்தியக்காரர்கள் இருபது வயதை ஒட்டியவர்கள். வருமானம் கிடையாது. நாளுக்கு ஒரு சிறு கோப்பை சோயா மொச்சையில் உயிர் வாழ்ந்த காலமும் உண்டு. கடையில் உணவு திருடிப் பிடிபட்டபோது ஜாப்பா ஜாமீனில் எடுத்தார். குழுவில் ஒருவரைக் குறிவைத்து மணிக்கணக்கில் மற்றவர்கள் முன் நிறுத்தி உடைப்பது வான் வ்லீட்டின் வழக்கம். ஒத்திகை நாடாவில் பசி கேட்காது. பசியோடு வாசித்ததன் துல்லியம் கேட்கிறது.

டிரம்ஸ் வாசித்தவர் ஃப்ரெஞ்ச். வான் வ்லீட் பியானோவில் தட்டிக் கண்டெடுத்த துணுக்குகளை ஸ்வரக் குறிப்பாக எழுதி, யாருக்கு எது என்று பிரித்து, ஒவ்வொருவருக்கும் கற்றுக்கொடுத்து, ஒன்றோடொன்று பொருத்தியவரும் அவரே. தட்டு வெளிவருமுன் குழுவிலிருந்து துரத்தப்பட்டார். 1969-ன் உறையில் அவர் பெயரே இல்லை. 'க்ரோ ஃபின்ஸ்' பெட்டியோடு வந்த நூலில் குழுவின் வரலாற்றை விரிவாக எழுதியிருப்பவர் அவர்தான். உறை மறுத்த இடத்தைப் பெட்டி கொடுத்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. உழைப்பு நடந்தது என்பதற்குத்தான் நாடா சாட்சி; யாருடையது இசை என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. துணுக்குகள் வான் வ்லீட்டின் விரல்களிலிருந்து பிறந்தவை என்பதை ஃப்ரெஞ்ச் மறைக்கவில்லை. அவர் இல்லாமல் இந்த இசை இல்லை. ஆனால் அவரால் மட்டும் இது இல்லை என்பதும் அதே அளவு உண்மை. எலியட்டின் 'பாழ்நிலம்' கைப்பிரதி 1971-ல் அச்சாகியபோது, பவுண்ட் அந்தக் கவிதையில் எவ்வளவு வெட்டினார் என்பதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. அதனால் எலியட் சிறியவராகிவிடவில்லை. காரணம், கைப்பிரதி வெளிவருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கவிதையைப் பவுண்டுக்கு அர்ப்பணித்துக் கடனை அச்சிலேயே அவர் ஒப்புக்கொண்டிருந்தார். வான் வ்லீட்டின் குறை பிறர் உதவியைப் பெற்றதல்ல. வரவு வைக்காததுதான்.

வெளிவராத பதிவுகள் எல்லாமே இவ்வளவு கனமானவை என்று சொல்ல வரவில்லை. கலைஞன் வேண்டாமென்று ஒதுக்கியது ஒரு ரகம். அதை விற்பது பெரும்பாலும் வியாபாரம். முடித்த படைப்பு பிறர் சண்டையில் சிக்கி முடங்குவது இன்னொரு ரகம். 1976-ல் பதிவான 'பேட் செயின் புல்லர்', ஜாப்பாவுக்கும் அவருடைய மேனேஜருக்கும் இடையிலான தகராறில் மாட்டி 2012-ல்தான் முறையாக வெளிவந்தது. வான் வ்லீட் 1982-க்குப் பின் இசையை விட்டு ஓவியத்துக்குப் போய், 2010 டிசம்பரில் இறந்துவிட்டிருந்தார். அது தாமதமான நியாயம். மூன்றாவது ரகம், படைப்பென்று யாரும் கருதாத ஒத்திகை. இதன் அழகு இரண்டாம் பட்சம். படைப்பு எப்படி உண்டாயிற்று என்பதை, அதை உண்டாக்கியவர் சொன்ன கதைக்கு எதிராக வைத்துப் பார்க்க உதவுகிறது என்பதே இதன் மதிப்பு. விலை உயர்ந்த பெட்டியில், சேகரிப்போரின் அலமாரிக்கென்றே வந்தாலும் இந்த மதிப்பு குறைவதில்லை. கூலியில்லாமல் வாசிக்கப்பட்டது ஆடம்பரப் பண்டமாக விற்கப்படும் விபரீதத்தை மட்டும் மறக்க வேண்டாம்.

பெட்டியைக் கேட்டுவிட்டு 'டிரௌட் மாஸ்க் ரெப்ளிகா'வுக்குத் திரும்பினால் அந்த இசை சிறுத்துப் போயிருக்கவில்லை. தனி மனிதனின் ஆவேசம் என்று நினைத்த இடங்களில் நான்கு இளைஞர்கள் ஒருவரையொருவர் எண்ணிக் காத்திருப்பது கேட்கிறது. அது இன்னும் அபூர்வமான விஷயம் என்று தோன்றுகிறது. 30 வருஷம் ஃப்ரெஞ்சின் பெயரை எழுதாமல் விட்டவர்கள், உறையில் இல்லை என்று சொல்லித் தப்பித்தார்கள். இனி எழுதுகிறவர்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது.