பழம் பட்டடையின் வரலாறும் அதனைத் தேரும் முறையும்

திருவள்ளுவர் கூடாநட்பு என்னும் அதிகாரத்தின் முதற் குறளிலேயே, உள்ளன்பின்றி நண்பர்போல் ஒழுகுவாரைப் பட்டடைக்கு ஒப்பிட்டார். தாங்குவதுபோல் நின்று, தக்க இடம் வாய்த்தபோது எறிதற்குத் துணையாகும் இயல்பு இரண்டற்கும் பொதுவாதலின் அவ்வாறு உவமித்தார். நம் உலைக்களத்தில் வாழ்நாளைக் கழிப்பார்க்கு இவ்வுவமை வேறொரு வகையாலும் பொருந்துவதாம். புறத்தே வண்ணம் பூசி, உறுதியுடையதுபோலக் காட்டி, விலை கொடுத்து இல்லம் கொணர்ந்தபின் நான்கு நாளில் முகங்குழியும் பட்டடையும் கூடாநட்பே அன்றோ?

நம் இளைஞர் ஒருவர் ஓராண்டு கூலியில் மிச்சம் பிடித்து, பழைய இரும்பு வாணிகரிடம் கொம்புள்ள பட்டடை ஒன்றை வாங்கினார் எனக் கொள்வோம். அது வெறும் வார்ப்பிரும்பாயின் அவர் இழப்பது பணம் மட்டுமன்று. அதன்மேல் செய்யும் ஒவ்வொரு பொருளிலும் காலமும் கைவலியும் இழப்பார். நல்ல பட்டடையை ஓசை குறைவென்று தள்ளிவிட்டாலும் இழப்பே. இவ்விரு பிழையும் நேராமைக்குப் பட்டடை செய்யப்பட்ட வரலாற்றை அறிதலே வழி. அதனை இங்குச் சுருங்கக் கூறுவோம்.

நம் முன்னோர் கொண்டிருந்த பட்டடை கொம்பில்லாத சிறு சதுர இரும்புக் கட்டியாகும். அதனைத் தரையிற் பதித்து, அருகே குந்தியிருந்து வேலை செய்தனர். ஒருபுறம் கொம்பும், மேலே சமமான முகமும், முகத்தினின்று ஒரு படி தாழ்ந்த சிறு மேடையும், கருவி பொருத்தச் சதுரத் துளையும், துளையிடும் வேலைக்கு உதவும் வட்டத் துளையும் உடைய பட்டடை ஐரோப்பியர் வழி நம் நாட்டிற் புகுந்தது. இவ்வடிவத்தை ‘லண்டன் மாதிரி’ என்பர். இங்கிலாந்தில் இது பெரிதும் வளர்ந்த இடங்கள் ஷெபீல்டும் டட்லியும் ஆம். இவற்றுள் வட்டத் துளை பிற்காலத்தது. ஏறத்தாழ 1820, 1830-ஆம் ஆண்டுகளில்தான் அது பெருவழக்காயிற்று. ஆதலின் சதுரத் துளை மட்டும் உடைய ஆங்கிலப் பட்டடை மிகப் பழமையானதாதல் கூடும்.

இனி, பட்டடையின் உள்ளமைப்பை ஆராய்வோம். அக்காலத்தில் எஃகு அரும்பொருளாக இருந்தது. பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்பார் 1740-களில் ஷெபீல்டில் மூசையில் எஃகை உருக்கி நல்வகை எஃகு செய்தார். எனினும் அது சிறிது சிறிதாகவே கிடைத்தது. மிகுதியாக எஃகு செய்யும் வழியைப் பெஸ்ஸிமர் என்பார் வெளிப்படுத்தியது 1856-ஆம் ஆண்டில். அதற்கு முன் ஒரு பட்டடை முழுவதையும் எஃகாற் செய்வது எண்ணத்தகாத செலவாம். ஆகவே உடலைத் தேனிரும்பால் செய்து, முகத்தில் மட்டும் எஃகுத் தகடு வைத்து, உலையிற் காய்ச்சி அடித்து ஒட்டிப் பின் தோய்த்துக் கடினப்படுத்தினர். அரிவாளின் உடலை இரும்பாற் செய்து வாயில் மட்டும் எஃகு வைக்கும் நம் முறையும் இதுவே. சிக்கனத்தில் எல்லா நாட்டுக் கொல்லரும் ஒரு குலத்தவரே.

இவ்வொன்றை மனத்திற் கொண்டால், பழம் பட்டடையைச் சோதிக்கும் முறைகள் யாவும் தாமே விளங்கும். விரற்கடை அளவேயான அவ்வெஃகுத் தகடுதான் பட்டடையின் உயிர். அது முழுதாயுள்ளதா, உடலோடு ஒட்டியுள்ளதா, கடினம் குன்றாதுள்ளதா என்னும் மூன்றையுமே நாம் காணவேண்டும்.

முதலாவது ஓசை. சிறு சுத்தியால் முகத்தை ஒரு முனை முதல் மறுமுனை வரை மெல்லத் தட்டிக்கொண்டு செல்க. தேனிரும்பு உடலில் எஃகு முகம் நன்கு ஒட்டியிருப்பின் மணிபோல் ஒலிக்கும். ஓரிடத்தில் மட்டும் ஒலி மங்கிப் பொள்ளலாகக் கேட்பின், அங்கே தகடு உடலை விட்டுப் பிரிந்ததென்றாவது, உள்ளே வெடிப்புண்டென்றாவது ஐயுறுக. தட்டும்போது பட்டடை கட்டையோடு சங்கிலியால் இறுகப் பிணைக்கப்பட்டிருத்தலாகாது. பிணைப்பு ஒலியை அடக்கிவிடும்.

ஆயினும் ஓசை ஒன்றையே நம்புவது பிழை. அமெரிக்க நாட்டில் மார்க் பிஷர் என்பார் வார்ப்பிரும்பு உடலில் எஃகு முகத்தை உருகிய நிலையிலேயே ஒட்டச்செய்யும் வழிக்கு 1847-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். நியூஜெர்ஸியிலுள்ள டிரெண்டன் நகரில் செய்யப்பட்டு, பக்கத்தில் கழுகு உருவம் புடைப்பாகப் பொறித்த அப்பட்டடைகள் மணியோசை தருவனவல்ல. தட்டினால் கட்டையைத் தட்டியதுபோல் இருக்கும். எனினும் அவை மிகச் சிறந்தவை. ஓசையின்மையையே அயலார் காதுக்கு நன்மையெனக் கொண்டு வாங்கினாரும் உளர். இஃது அறியாதவர் அவற்றைப் போலியென ஒதுக்குவர்.

ஆதலின் ஓசையினும் உறுதியான சோதனை துள்ளலாம். பேரிங்கில் உள்ள எஃகுக் குண்டு ஒன்றை 10 அங்குல உயரத்தினின்று முகத்தின்மேல் விடுக. அது 8 அங்குலமேனும் எழும்பின் முகம் நன்று. பாதியளவும் எழாவிடின் முகம் மென்மையுற்றது, அன்றி எஃகே இல்லை. குண்டைப் பல இடங்களிலும் விட்டுப் பார்த்தல் வேண்டும். பின்னர் உரிமையாளர் இசைவு பெற்று, வேலைக்கு ஆகாத ஓர் ஓரத்தில் அரத்தை மெல்ல இழுத்துப் பார்க்க. நல்ல முகத்தில் அரம் வழுக்கும், மென்மையான முகத்தைக் கடிக்கும்.

இனிப் பொறிப்புகளைக் கூறுவோம். பக்கத்திலுள்ள துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, சுண்ணக்கட்டியைத் தேய்த்து, விளக்கை ஒருபுறமாகச் சாய்த்துப் பிடித்தால் மங்கிய எழுத்துகளும் தோன்றும். ஷெபீல்டில் ரிவலின் ஆற்றங்கரையில் இருந்த ‘மவுஸ்ஹோல்’ உலைக்களத்துப் பட்டடைகளிற் சிலவற்றில் எலியின் உருவம் உண்டு. டட்லி நகரத்துப் பீட்டர் ரைட் பட்டடைகளில் வட்டமாக ‘சாலிட் ராட்’ எனப் பொறித்திருக்கும். முழுதும் அடித்துச் செய்த தேனிரும்பு என்பது பொருள். அடித்துச் செய்தவற்றின் இடையிலும் அடியிலும், சூட்டிற் பிடித்துத் திருப்புவதற்கெனச் செய்த சிறு சதுரக் குழிகள் பெரும்பாலும் காணப்படும்.

ஆங்கிலப் பட்டடைகளில் மூன்று எண்கள் பொறிக்கப்பட்டிருப்பது கண்டு மயங்குவார் பலர். அவை எடையைக் குறிப்பன. முதலெண் அந்தர், இரண்டாவது கால் அந்தர், மூன்றாவது ராத்தல். ஓர் அந்தருக்கு 112 ராத்தல், கால் அந்தருக்கு 28 ராத்தல். 1 2 8 எனப் பொறித்திருப்பின், 112-உம், இருமுறை 28 ஆகிய 56-உம், 8-உம் கூட்ட 176 ராத்தல், அதாவது ஏறத்தாழ 80 கிலோவாம். இதனையே 128 ராத்தலெனப் படித்தால் 58 கிலோவாகும். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி நம் நாட்டில் கிலோ வழக்குக்கு வந்தபின் இக்கணக்கு நம் இளைஞர் பலருக்குத் தெரியாது போயிற்று. நடுவெண் 3-க்கு மேற்படாது, மூன்றாமெண் 27-க்கு மேற்படாது என்பதை நினைவிற் கொள்க. மேற்படின் அது அந்தர்க் கணக்கன்று. கணக்கிட்டபின் தராசிலும் நிறுத்துப் பார்க்க.

அமெரிக்கப் பட்டடைகளில் எடை ராத்தலிலேயே இருக்கும். நியூயார்க்கின் புரூக்லினில் செய்த ‘ஹே-பட்டன்’ வகையின் அடியில் உடுக்கை வடிவான பள்ளம் காணப்படும். ‘டிரெண்டன்’ எனப் பெயர் பொறித்தது ஒஹையோ நாட்டுக் கொலம்பஸில் செய்யப்பட்டது. பிஷரின் டிரெண்டன் நகரத்ததன்று. சம்மட்டி பிடித்த கையின் உருவம் புடைப்பாக எழுந்திருப்பின் ‘வல்கன்’ என்னும் வார்ப்பிரும்பு உடல் வகை. பள்ளமாகப் பொறித்திருப்பின் கொலம்பஸில் அடித்துச் செய்த வேறு வகை. ஸ்வீடனில் கோல்ஸ்வா, சோடர்போர்ஸ் என்னும் இடத்தவை எஃகாலேயே வார்த்தவை, உரத்து ஒலிப்பன. பெயரை மட்டும் பார்த்து விலை பேசுவார் ஏமாறுதற்கு இடம் இதனால் விளங்கும்.

ஓரங்கள் சிறிது சிதைந்திருப்பினும் அஞ்சற்க. சில அங்குல நல்ல ஓரம் இருப்பின் தொழிலுக்குப் போதும். முகம் சிறிது தாழ்ந்திருப்பது வளைந்த கம்பியை நிமிர்த்துதற்கு உதவியுமாம். அஞ்சத்தக்கன வேறு. தீப்பட்ட கட்டிடத்திற் கிடந்த பட்டடை, கண்ணுக்குக் குறைவின்றித் தோன்றினும், வெப்பத்தால் முகத்தின் கடினத்தை இழந்திருக்கும். குண்டு அதனைக் காட்டிக்கொடுக்கும். முகம் புதிதாக மின்னுவதும் ஐயத்துக்குரியது. விற்பனைக்காக முகத்தை இயந்திரத்தாற் சீவுவோர், நூறாண்டு முன்னோர் அரிதில் ஒட்டிவைத்த எஃகையே சீவிவிடுகின்றனர். மெலிந்த தகடு அடிக்கும்போது உடைந்து பிரியும். வாங்கியபின் நம்மவரே அழகுக்காக இக்கேட்டைச் செய்தலும் உண்டு. அன்புகூர்ந்து அதனை விடுக. முறையறியாது மின்பற்று வைத்து ஓரத்தை நிரப்புதலும் அவ்விடத்தைச் சிலபோது மென்மையாக்கும், சிலபோது வெடிக்கச் செய்யும்.

நல்ல பட்டடை அகப்படாதபோது என் செய்வது? போலியை வாங்குவதினும் கனத்த எஃகுக் கட்டியையோ, தண்டவாளத் துண்டையோ வாங்குக. தண்டவாளத்தைப் படுக்கவையாது நிமிர்த்தி நட்டால் சுத்திக்கு நேர்கீழே பருமன் மிகும். அடியின் வலி வீணாகாது. நம் முன்னோர் கொம்பில்லாச் சிறு கட்டியின்மேல் ஏர்க்கொழுவும் அரிவாளும் படைத்த உண்மையை இஃது உணர்த்தும். அடியைத் தாங்கி மறுத்தெழச் செய்யும் திண்மையே பட்டடையின் இலக்கணம். ஏனைய உறுப்புகள் வசதிக்கே.

எனவே அன்பர்களே, பழம் பட்டடை காணச் செல்லும்போது ஒரு சிறு சுத்தி, ஓர் எஃகுக் குண்டு, ஒரு சுண்ணக்கட்டி ஆகிய மூன்றும் மடியில் இருக்கட்டும். விற்பவர் கூறுவதைப் பொறுமையாகக் கேட்டு, பின் பட்டடை கூறுவதையும் கேளுங்கள். பெயர் தெரியாக் கொல்லர் பலர் கூடிச் சம்மட்டி ஓங்கி ஒட்டிய அவ்வெஃகு முகம் நம் கைக்கு வந்துள்ளது. அதனைக் குறையாது காத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது நம் கடன்.