கூர்க்கா என்னும் பெயரும் நேபாள நாடும்

பேராக் தோட்டங்களில் வாழ்ந்த முதியோரிடம் நேபாளம் எங்குள்ளது என வினவினால் பலர் தயங்குவர். கூர்க்கா என்று சொன்னாலோ, வளைந்த குக்குரிக் கத்தியும் பட்டாளத்து லாரிகளும் அவர்தம் நினைவில் உடனே எழும். 1948ஆம் ஆண்டு சூன் திங்களில் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டதையடுத்து வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அந்நாளில் நம் காடுகளில் போரிட்டோருள் கூர்க்காப் படையினரும் இருந்தனர். அதற்கு முன்னரே, 1942 சனவரி 7ஆம் நாள், சிலிம் ரிவரில் சப்பானியர் டாங்கிகளோடு புகுந்தபோது, சாலைவழி நடந்து வந்த கூர்க்காப் படையணியொன்று சிதறுண்டது.

ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் 'கூர்க்கா என்பது ஓர் இனம்' என்று யானும் எழுதினேன். பல ஆண்டுகள் அவ்வாறே கற்பித்தும் வந்தேன். அது பிழை.

கூர்க்கா என்பது ஊர்ப்பெயரின் திரிபு. காட்மாண்டுவுக்கு மேற்கே, மலைமேல் உள்ள கோர்க்கா என்னும் ஊர், ஷா மரபினர் ஆண்ட சிற்றரசின் தலைநகர். அம்மரபில் வந்த பிருதிவி நாராயண ஷா, 1768இல் காட்மாண்டுவையும் அடுத்த ஆண்டு பக்தபூரையும் மல்ல மன்னரிடமிருந்து கைப்பற்றினார். 1814 முதல் 1816 வரை ஆங்கிலக் கும்பெனியோடு நடந்த போரில் நேபாளம் பெருநிலப் பகுதியை இழந்தது. எனினும் அடிமை நாடாகவில்லை. போர் முடியுமுன்னரே, 1815இல், ஆங்கிலேயர் அம்மலைநாட்டாரைத் தம் படையிற் சேர்க்கத் தொடங்கினர். அவ்வாறு சேர்ந்தோர் பெரும்பாலும் மகர், குருங், ராய், லிம்பு மக்கள். இவர்கள் தத்தமக்கெனத் தனிமொழி உடையவர்கள். அனைவர்க்கும் ஒரே பெயரைச் சூட்டியது படைப்பதிவேடு.

இதில் நாம் வியப்பதற்கில்லை. கலிங்கத்தின் பெயரைத் திரித்துத் தமிழரைக் 'கெலிங்' என்றதும், கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பலேறி வந்த சீக்கியரைப் 'பெங்காலி' என்றதும் இம்மண்ணில்தானே!

நேபாளம் என்னும் பெயரும் முன்னாளில் காட்மாண்டுப் பள்ளத்தாக்கை மட்டுமே குறித்தது. வென்றவனின் ஊர்ப்பெயர் படைக்கும், தோற்ற பள்ளத்தாக்கின் பெயர் நாட்டுக்கும் வாய்த்தன. ஷா முடியாட்சி 2008இல் மறைந்தது. நாட்டின் பெயரோ நின்றது.

அப்பள்ளத்தாக்கின் கலைச்செல்வம் நேவார் மக்களின் கைவண்ணம். சாங்கு நாராயணர் கோயிலில் மானதேவ மன்னனின் கி.பி. 464ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ளது. அரணிகோ என்னும் நேவார்ச் சிற்பி 13ஆம் நூற்றாண்டில் குப்லாய்கானின் அவைக்குச் சென்று, இன்று பெய்சிங் எனப்படும் நகரில் வெண்தூபி எழுப்பினார். பக்தபூரில் பூபதீந்திர மல்லர் 1702இல் கட்டிய நியாதபோலா கோயில் ஐந்தடுக்குக் கூரையுடையது. 2015 ஏப்பிரல் 25ஆம் நாள் கோர்க்கா மாவட்டத்து மண்ணுக்கடியில் நிலநடுக்கம் பிறந்து ஏறத்தாழ 9,000 பேரை மாய்த்தது. காட்மாண்டுவின் தரகரா கோபுரம் விழுந்தது. நியாதபோலாவோ 1934ஆம் ஆண்டு நடுக்கத்தைப் போலவே இதனையும் தாங்கிற்று.

தமிழர்க்கு இந்நாடு முற்றும் அயலன்று. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய சாளக்கிராமம், 3,700 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலுள்ள முக்திநாத் என்றே வைணவர் பலர் கொள்வர். அப்பகுதியிற் பாயும் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமக் கற்களிற் காணும் சுருள், இமயம் எழுமுன் அங்கிருந்த கடலில் வாழ்ந்த உயிரின் எச்சம். கடலடி மண் மலையாகிப் பூசையறைக்கு வந்திருக்கிறது! புவியியல் கற்பிப்போர்க்கு இதனினும் நல்ல பாடம் வேண்டுமோ?

ஈப்போவில் ஒரு கட்டட வாயிலிற் காவல் நிற்கும் நேபாளியரை எம் மாணவர் கூர்க்கா என்றே விளித்தனர். அவரிடம் ஊர் எதுவென வினவினேன். சனக்பூர் என்றார். அது மலைநாடன்று; தெற்கே வயல் சூழ்ந்த சமவெளி. சனக மன்னனின் மிதிலை என்றும் சீதை வளர்ந்த ஊர் என்றும் மக்கள் போற்றுவது. அவர் தாய்மொழி மைதிலி. கோர்க்காவை அவர் கண்டதே இல்லையாம்.