பூ அடுக்கிய தலைமை ஆசிரியை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

2004-ஆம் ஆண்டு லண்டன் டிசைன் மியூசியத்தில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை என்ற பெண்மணியின் பூ அலங்காரங்களைப் பற்றியது அது. மியூசியத்தை நிறுவிய டெரன்ஸ் கான்ரனுக்கு அது பிடிக்கவில்லை. அறங்காவலர் குழுத் தலைவராக இருந்த ஜேம்ஸ் டைசன், பை இல்லாத வாக்குவம் கிளீனரைக் கொண்டுவந்தவர். பொருள்கள் எப்படி உருவாகின்றன, எப்படி வேலை செய்கின்றன என்று காட்டவேண்டிய இடம் வெறும் அலங்காரம் காட்டும் இடமாகிவிட்டது என்று வருந்திப் பதவியையே விட்டு விலகினார். இறந்து 44 ஆண்டு ஆன ஒரு பூக்கடைக்காரம்மாவுக்காகவா இத்தனை பெரிய சண்டை? “பூ அடுக்குவதெல்லாம் ஒரு வேலையா?” என்ற பழைய கேள்விதான் அதற்கு அடியில் இருந்தது. அந்த அம்மா ஒரு தலைமை ஆசிரியையாகவும் இருந்தவர் என்பதால் எனக்கு இதில் கூடுதல் அக்கறை.

கான்ஸ்டன்ஸ் 1886-இல் இங்கிலாந்தின் டெர்பி நகரில் பிறந்தார். வளர்ந்தது அயர்லாந்தில். இளவயதில் அங்கே முதலுதவி, வீட்டுச் சுகாதாரம், காசநோய்த் தடுப்பு பற்றி மக்களிடம் பேசும் வேலை பார்த்தார். முதல் திருமணம் சரிப்படவில்லை. முதல் உலகப் போரின் நடுவில் மகனை அழைத்துக்கொண்டு இங்கிலாந்து திரும்பி, தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களின் நலம் பார்க்கும் பொறுப்பில் சேர்ந்தார்.

1921-இல் லண்டனின் கிழக்குப் பக்கம், ஹோமர்டன் - தெற்கு ஹாக்னி பகல்நேரத் தொடர்கல்விப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை ஆனார். ஏழைகள் வாழும் பகுதி. 14 வயதிலேயே படிப்பை நிறுத்திவிட்டுத் தொழிற்சாலைக்குப் போன பிள்ளைகள், வாரத்தில் சில மணி நேரம் வந்து படிக்கும் பள்ளி அது. சமையல், தையலோடு அந்தப் பெண்களுக்குப் பூ அடுக்கவும் சொல்லிக்கொடுத்தார். வயிற்றுக்கே போதாத வீட்டுக்குப் பூ எதற்கு என்று யாருக்கும் தோன்றும். காசு இல்லாத வீட்டுக்கும் அழகு வேண்டும், அதைக் காசு இல்லாமலே உண்டாக்கலாம் என்பது அவர் எண்ணம்.

அக்காலத்துப் பணக்கார வீடுகளில் பூ அலங்காரம் என்றால் கார்னேஷனும் கொஞ்சம் பெரணி இலையும்தான். வைப்பதற்கு வெள்ளிச் சாடி. கான்ஸ்டன்ஸ் இதை உடைத்தார். வேலியோரச் செடி, புல், பாசி படர்ந்த கிளை, விதைக்காய், காலிஃபிளவர் குடும்பத்து கேல் கீரை எல்லாம் அவர் சாடிக்குள் வந்தன. சாடி இல்லையென்றால் குழம்புக் கிண்ணம், பேக்கிங் தட்டு, பரணில் கிடக்கும் பழைய பாத்திரம் எதுவும் போதும்.

அவர் கலையை முழுதாக ரசிக்க ஏற்ற காலம் வசந்தம். அங்கே குளிர் மாதங்களில் மரமெல்லாம் மொட்டையாக நிற்கும். பிப்ரவரி, மார்ச்சில் வில்லோ மரக் குச்சிகளில் பூனைக்குட்டியின் ரோமம்போல் வெள்ளி மொட்டுகள் வரும். பிறகு டாஃபோடில், பிரிம்ரோஸ், துலிப், லைலாக் என்று ஒவ்வொன்றாக வரும். மொட்டு விட்ட கிளையை வெட்டி, கதகதப்பான அறையில் தண்ணீரில் வைத்தால் வெளியே பூப்பதற்கு முன்பே வீட்டுக்குள் பூத்துவிடும்.

இதில் பொருளறிவும் உண்டு, பிள்ளைகளே. டாஃபோடில் தண்டிலிருந்து ஒரு கொழகொழப்பான பால் வடியும். அதே தண்ணீரில் துலிப்பை வைத்தால் துலிப் சீக்கிரம் வாடிவிடும். அதனால் டாஃபோடிலை முதலில் தனியாகத் தண்ணீரில் நிறுத்திவைக்க வேண்டும். துலிப் வெட்டிய பிறகும் வளரும்; வெளிச்சம் இருக்கும் பக்கம் வளையும். இன்று அடுக்கியது நாளை வேறு உருவத்தில் நிற்கும். அதையும் கணக்கில் வைத்தே அடுக்க வேண்டும். கனமான கிளைகள் சாயாமல் நிற்க, கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பிவலையைச் சுருட்டிச் சாடிக்குள் திணிப்பார். இது டிசைன் இல்லையென்றால் வேறு எது டிசைன்?

நாற்பது வயதைக் கடந்த பிறகு, நிலையான பள்ளி வேலையை விட்டுவிட்டு, 1929-இல் லண்டனில் பூக்கடை திறந்தார். பாண்ட் தெருவில் அட்கின்சன்ஸ் வாசனைத் திரவியக் கடையின் ஜன்னலில் வேலியோரச் செடிகளையும் ஆர்க்கிட்டையும் சேர்த்து அவர் வைத்த அலங்காரத்தைப் பார்க்கக் கூட்டம் கூடியது. 1934-இல் மேஃபேருக்கு மாறினார். அங்கே சுமார் 70 பேர் வேலை செய்தார்கள். அதே ஆண்டில் முதல் புத்தகமும் வந்தது. பூ அலங்காரப் பள்ளியும் தொடங்கினார். ஆசிரியை எங்கே போனாலும் ஆசிரியைதானே!

1937-இல், முடி துறந்த எட்டாம் எட்வர்டுக்கும் வாலிஸ் சிம்ப்சனுக்கும் பிரான்சில் கல்யாணம் நடந்தது. அரச குடும்பத்தார் யாரும் போகவில்லை. கான்ஸ்டன்ஸ் போய்ப் பூ அலங்காரம் செய்தார். பெரிய வாடிக்கையாளர்களின் கோபத்துக்கு ஆளாகலாம் என்று தெரிந்தே போனார். பத்து ஆண்டு கழித்து, 1947-இல் இளவரசி எலிசபெத்தின் கல்யாணத்துக்கு அவரைத்தான் அழைத்தார்கள். 1953 முடிசூட்டு விழாவின் பூ அலங்காரமும் அவர் பொறுப்புதான். அந்த விழாவின் விருந்துக்கு அவர் தோழி ரோஸ்மேரி ஹியூமோடு சேர்ந்து தந்த குளிர்ந்த கோழிக்கறியில் நம் நாட்டு வாசனையுள்ள கறிப்பொடி சேர்ந்திருந்தது. ‘காரனேஷன் சிக்கன்’ என்று இன்றும் அங்கே சாண்ட்விச்சில் வைத்துச் சாப்பிடுகிறார்கள்.

1960 ஜனவரி 3 அன்று, தாம் நடத்திவந்த விங்க்ஃபீல்ட் பள்ளி மாளிகையின் படிக்கட்டில் தவறி விழுந்து இறந்தார். அடுத்த ஆண்டு டேவிட் ஆஸ்டின் தம் முதல் ரோஜா வகையை வெளியிட்டபோது அதற்கு வைத்த பெயர் ‘கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை’. ஆண்டுக்கு ஒரே ஒருமுறை பூக்கும் ரோஜா அது.

அந்த 2004 சண்டைக்கு என் பதில் இதுதான். இயந்திரம் செய்பவருக்கு மரியாதை கொடுக்கவேண்டும், சந்தேகமில்லை. ஆனால் பெண்கள் வீட்டுக்குள் செய்யும் வேலை என்பதாலேயே ஒன்று தாழ்ந்துவிடாது. நம் பள்ளிகளிலும் பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது கைவேலை பீரியடும் ஓவிய பீரியடும்தான். கணக்கில் தடுமாறும் பிள்ளை அந்த ஒரு மணி நேரத்தில்தான் தலை நிமிர்ந்து உட்காரும். அதைப் பறிக்கும்போது எதைப் பறிக்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.

என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். உங்கள் வகுப்பில் கைவேலை பீரியடை விட்டுக்கொடுக்காதீர்கள். வீட்டில் அம்மாவோ பாட்டியோ நன்றாகப் பூத் தொடுப்பவராக இருந்தால், அவரிடம் ஒருநாள் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். எப்படி இருந்தது என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்