சீமை உத்தியோக அநுமதியும் சர்வகலாசாலைப் பட்டியலும்

நம்மவர் பிள்ளைகள் கடல் கடந்து உயர்தரக் கல்வி பெறுதல் இக்காலத்தில் பெருகி வருகின்றது. நிலத்தை ஈடு வைத்தும் நகையை விற்றும் பெற்றோர் அச்செலவை ஏற்கின்றனர். படித்து முடித்த பிள்ளைக்கு அயல்நாட்டில் உத்தியோகம் செய்ய விசா கிடைக்குமா என்பதே அவர்தம் பெருங்கவலை. இவ்விஷயத்தில் பிரிட்டிஷ் அரசாங்கத்தார் 2002 முதல் நடந்துகொண்ட முறையைச் சரித்திர வாயிலாக ஆராய்தல் நமக்குப் பயன் தருவதாகும்.

2002-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர்கள் உயர்திறனாளர்க்கென ஒரு திட்டம் தொடங்கினர். வேலை தரும் முதலாளி ஒருவர் முன்வந்தாலன்றி அநுமதியில்லை என்னும் பொது வழக்கை விடுத்து, படிப்பு, அநுபவம், ஈட்டிய வருவாய் முதலியவற்றுக்கு மதிப்பெண் வழங்கிப் போதிய எண் பெற்றவரை வரவிட்டனர். 2005-இல் 50 வணிகக் கல்லூரிகளைப் பெயர் குறித்து, அவற்றில் எம்.பி.ஏ. பட்டம் பெற்றார்க்குத் தனிச் சலுகையும் அளித்தனர். பட்டத்தோடு அதனை அளித்த கலாசாலையின் பெயரையும் நோக்கும் முறை இத்திட்டத்தில் இங்ஙனம் புகுந்தது.

ஆயின் 2006 நவம்பரில் விதிகள் மாறின. முன்னரே வந்து குடும்பத்தோடு வாழ்ந்தவர்களும் தவணை நீட்டிப்புக்குப் புதிய அளவுகோலின்படியே தேறவேண்டும் என்றனர். பழைய அநுபவத்துக்கு அதில் எண்ணே இல்லை. பாதிக்கப்பட்டோர் ஒன்றுதிரண்டு நியாயஸ்தலம் ஏறினர். முன்னரே அநுமதி பெற்று வந்தோர்மீது புதுவிதியைச் சுமத்துதல் முறையன்று என 2008 ஏப்ரலில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடி நின்றதன் பயன் இது.

பின்னர், அந்நாட்டிலேயே பயின்றோர் படிப்பு முடிந்தபின் தங்கி வேலை தேடுதற்கிருந்த வழியும் 2012 ஏப்ரலில் அடைபட்டது. 2021 ஜூலையில் வேறு பெயரோடு மீண்டும் திறந்தது.

2022 மே 30-இல் பிறிதொரு வாயில் திறக்கப்பெற்றது. பிரிட்டனுக்கு வெளியேயுள்ள பெரும் சர்வகலாசாலைகளில் ஐந்தாண்டுக்குள் பட்டம் பெற்றவர், வேலை உறுதியின்றியே இரண்டாண்டு அங்குச் சென்று உழைக்கலாம்; டாக்டர் பட்டத்தார்க்கு மூன்றாண்டு. எந்நாட்டுப் பிரஜையாயினும் தடையில்லை, கலாசாலையே கணக்கு. உலகத் தரவரிசைகள் மூன்றனுள் இரண்டிலேனும் முதல் 50-க்குள் நின்றவையே பட்டியலில் இடம்பெற்றன. முதற் பட்டியலில் அமெரிக்கக் கலாசாலைகளே மிகுதி. இந்தியக் கலாசாலை ஒன்றேனும் இல்லை. ஆகவே ஹார்வர்டில் பயின்ற நம் பிள்ளைக்குக் கதவு திறந்தது; சென்னை ஐ.ஐ.டி.யில் அவனினும் மேலாகத் தேறியவனுக்குத் திறக்கவில்லை. தனிமனிதன் ஆற்றலை இம்முறை அளப்பதன்று என்பது இதனால் விளங்கும்.

நிற்க. இச்சரித்திரத்தினின்று பெற்றோர் அறியத்தக்கவை சில உள. பட்டியல் ஆண்டுதோறும் மாறுவது. பட்டம் வழங்கப்பெற்ற காலத்துக்குரிய பட்டியலே கணக்கில் கொள்ளப்படும். இவ்வநுமதியை நீட்டிக்கவும் இயலாது. தவணைக்குள் வேறுவகை விசாவுக்கு உரியவனாதல் வேண்டும். திறந்த வாயில் சில ஆண்டுகளில் மூடப்படுதலும் நாம் கண்டதே.

ஆதலின் அன்பர்களே! சீமை உத்தியோகத்தை நம்பியே கடன் வாங்குதல் தகாது. விசா கிட்டாவிடினும் தாய்நாட்டிலேயே பிழைப்புக்கு உதவும் கல்வியைத் தேர்ந்து, அதற்குரிய அளவே கடன்படுக. அநுமதியைப் பிறர் மாற்றுவர். பெற்ற கல்வியை யாரும் மீட்டுக்கொள்ளார்.