காளத்தி: ஓர் எல்லையூரின் நிலமும் மக்களும்

ஓர் ஊரின் மக்கள்தொகையை அதன் நில அமைப்பிலிருந்து பிரித்துப் படிக்க இயலாது என்பதற்குக் காளத்தி நல்ல சான்று. கிழக்குத் தொடர்ச்சி மலையில் தோன்றி வங்கக் கடலில் கலக்கும் பொன்முகலி என்னும் சுவர்ணமுகி, இவ்வூரருகே வடக்கு நோக்கித் திரும்புகிறது. மேற்கே ஆறு, கிழக்கே மலை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட குறுகிய நிலத்தில் கோயில் எழுந்தது. கோயிலைச் சுற்றி ஊர் வளர்ந்தது.

தமிழிலக்கண மரபு வேங்கடத்தை வடவெல்லையாகக் கொண்டது. காளத்தி அவ்வேங்கடத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மூவர் பாடல் பெற்ற தொண்டைநாட்டுத் தலங்களுள் ஒன்று அது. முதலாம் ஆதித்த சோழன் உயிர்நீத்த தொண்டைமானாற்றூர், காளத்திக்கு அருகிலுள்ள இன்றைய தொண்டமநாடு. அங்கே அவன் மகன் முதலாம் பராந்தகன் பள்ளிப்படைக் கோயில் எடுத்தான். காளத்திக் கோயிலில் சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் பல உள்ளன. 1516இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய பெருங்கோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. அவருடைய அவையோடு தொடர்புடைய தூர்ஜடி இத்தலத்தைத் தெலுங்கிலும், பதினோராம் திருமுறையில் நக்கீரதேவர் தமிழிலும் பாடினர். ஆகவே, இரு மொழியினரும் இவ்வூரைத் தமதெனக் கருதியதற்கு நீண்ட வரலாறு உண்டு.

நிருவாக எல்லைகளோ அடிக்கடி மாறின. தாமர்ல மரபினரின் காளத்தி ஜமீன், ஆங்கிலேயர் காலத்தில் வடஆர்க்காடு மாவட்டத்துள் அடங்கியிருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானது. 1953இல் அம்மாவட்டம் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. பின்னர் எல்லைச் சிக்கலைத் தீர்க்க வந்த படாஸ்கர், கிராமத்தை அலகாகக் கொண்டு, பெரும்பான்மை மொழியையும் நிலத் தொடர்ச்சியையும் அளவுகோலாக்கினார். அதன்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்குத் திரும்பியது. காளத்தி ஆந்திரத்திலேயே நின்றது. 2022 ஏப்ரலில் அது புதிய திருப்பதி மாவட்டத்தின் பகுதியாயிற்று.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 80,000 பேர். இவர்களுள் ஒரு பகுதியினருக்குக் கோயிலும் அதனைச் சார்ந்த வணிகமும் வாழ்வாதாரம். மற்றொரு பகுதியினருக்கு ஆறே தொழிற்கூடமாக இருந்தது. எழுதுகோலால் துணியில் வரையும் கலம்காரிக்கு, துணியை மீண்டும் மீண்டும் அலச ஓடுநீர் வேண்டும். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற அக்கலை, பருவமழை பொய்த்தால் வறண்டுவிடும் ஓர் ஆற்றை நம்பியே வளர்ந்தது.

கணக்கெடுப்பு ஒருவருக்குத் தாய்மொழி ஒன்றை மட்டுமே பதிவு செய்கிறது. வீட்டில் ஒன்றும் கடைத்தெருவில் மற்றொன்றும் பேசும் எல்லையூர் வாழ்வு அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. அத்தகைய பட்டியலைக்கொண்டே எல்லை வரையப்பட்டபின், கல்வெட்டுத் தமிழை வாசிப்போர் ஒரு மாநிலத்திலும் கல்வெட்டு மற்றொரு மாநிலத்திலும் அமைந்துவிட்டன. காளத்தியின் வரலாற்றை முழுமையாக எழுத முற்படும் ஆய்வாளருக்கு இரு மொழிப் பயிற்சியும் இன்றியமையாதது.